நாத்தனார் தூக்கி வந்த தட்டுகள்

என் நாத்தனார்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

என் கணவர் ரீயூனியன் தீவில் படகு இன்ஜின் மெக்கானிக். அங்கே பேச்சும் பிரெஞ்சு, சட்டமும் பிரெஞ்சு. ஒன்றரை வருஷம் முறையாகக் குடியிருந்த பிறகுதான் மனைவி, பிள்ளையை அழைத்துக்கொள்ள அவர் அங்கே விண்ணப்பம் போடலாம். நிலையான சம்பளம், இத்தனை பேருக்கு இவ்வளவு பெரிய வீடு என்ற கணக்கு, கல்யாணப் பதிவு, பிறப்புச் சான்று, எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. அவருக்கு ஒன்றரை வருஷம் முடிந்தபோது எங்கள் மகளுக்குப் பதினேழரை.

எங்கள் கல்யாணம் திருவொற்றியூர்க் குப்பத்தில், வாசலில் பந்தல் போட்டு நடந்தது. முதல் முடிச்சை அவர் போட, மற்ற இரண்டையும் போட்டவள் இதே நாத்தனார்தான். பதிவு செய்யவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகை கேட்டார்கள். எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே பத்திரிகை அவள் பீரோவில் இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதனால் முக்கியமான காகிதங்களை அடுத்த தெருவில் மாடிவீட்டில் இருக்கும் அவளிடம் கொடுத்து வைப்பது வழக்கம்.

கேட்கப் போனவள் சும்மா கேட்டிருக்கலாம். விதியையும் சேர்த்து விளக்கிவிட்டு வந்தேன், புத்திகெட்டவள்.

"பதினெட்டு ஆயிட்சின்னா பாப்பாவ இட்டுகினு போவ முடியாது அண்ணி. சீக்கிரம் எடுத்துக் குடுங்க."

"பீரோ சாவிய எங்க வெச்சேன்னே தெரிலம்மே. தேடிக்கினு கீறேன்."

நாலு மாதம் தேடினாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. காசிமேட்டில் என்னோடு மீன் விற்கும் தோழிதான் ஒருநாள் கேட்டாள்: "இன்னாம்மே, உம் பொண்ண நாத்தனார் புள்ளைக்குக் குடுக்கப் போறியாமே? பதினெட்டு ஆனதும் தட்டு மாத்தப் போறேன்னு சொல்லிக்கினு திரியிறா."

பீரோ சாவி ஏன் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. என் மகள் நர்சிங் படிக்கவேண்டும் என்று செல்போனைப் பார்த்துப் பார்த்து பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்தாள். அத்தை மகனைக் கட்டிக்கொள்ளும் எண்ணமே அவளுக்குக் கிடையாது. விஷயத்தைக் கேட்ட தோழி அன்றே தன் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த எங்கள் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள்கூட அப்படியே இருந்தது.

பதிவு முடிந்தது. வெளியுறவுத் துறை முத்திரை விழுந்தது. புதுச்சேரியில் மொழிபெயர்த்து அனுப்பினேன். மகளின் பிறந்தநாளுக்குப் பதினோரு நாள் முன்னால் கணவர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் போட்டார். விண்ணப்பம் போட்ட நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. பதில் எப்போது வந்தாலும் சரி.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் மாடியேறி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சாவி கெடச்சுதா அண்ணி?" என்று கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்குவாள். கீழே வந்து சிரித்துக்கொள்வேன்.

பிறந்தநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது தட்டுகளோடு வந்தாள். பின்னால் சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள். பாய் விரித்து எல்லாருக்கும் கலர் ஊற்றிக் கொடுத்தேன்.

"அப்பங்காரன் கிட்ட போற வழி அடைஞ்சி போச்சி. அதுக்கின்னா, அத்த மவன் கீறான்ல?" என்றாள், சபைக்குக் கேட்கும்படி.

முழுக்கப் பேசவிட்டேன். பிறகு ரசீதைக் காட்டி, தேதியைச் சத்தமாகப் படித்து, கணக்கை விளக்கினேன். சாவி தொலைந்த கதையையும் விடவில்லை.

பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "பொண்ணு வூட்ல ஒரு வார்த்த கேக்காமயா எங்களயும் இஸ்துகினு வந்தே?"

ஒன்பது தட்டும் தெருவழியாகவே திரும்பிப் போயின. வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் நின்று பார்த்தார்கள். பாவம் என்று துளிகூடத் தோன்றவில்லை. அவள் தலை குனிந்தது எனக்கு இனித்தது, இன்றும் இனிக்கிறது.

உள்ளே திரும்பினேன். மகள் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா மனு போட்டது இத்தினி நாளா உனக்குத் தெரியுமாம்மா?"

"உங்கிட்ட சொன்னா உம் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். அதான்..."

"சோறு எறங்காம அழுதுகினு இருந்தேனே. பாத்துக்கினுதானே இருந்தே?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.