கார் ஓட்டத் தெரியாத ஸ்டெல்லா நிரப்பித் தந்த பை

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் குந்தியிருந்து காரின் முன் ரயருக்குக் காற்று அளந்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கையெல்லாம் கறுப்பு; புறங்கையால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டேன். கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளை அழுதழுது சொன்னாள். பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுக்கு நெஞ்சு வலி வந்ததாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு மற்ற மூன்று ரயருக்கும் காற்று அளந்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அரைகுறையாக விட்டால் ஸ்டெல்லா ஏசுவார் என்று மனதுக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். கையைக் கழுவும்போதுதான் இனி ஏசுவதற்கு ஆள் இல்லை என்பது உறைத்தது.

ஸ்டெல்லா எங்கள் மன்னார்க் கந்தோரில் பொருட்களஞ்சியப் பொறுப்பாளர். பேசாலைக்காரி. களஞ்சியத்தின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால், மூக்கு நுனியில் கண்ணாடியோடு அவர் இருந்த இருப்பு கந்தோரில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த ஜன்னலில் பேச்சு வாங்கியிருப்பீர்கள். அளவு நாடாவை உப்புச் சேற்றோடு கொண்டுவந்து நீட்டிய பொறியியலாளர் ஐயாவை, "கழுவித் துடைச்சுக் கொண்டாங்கோ சேர், நான் எங்கயும் போகமாட்டன்" என்று திருப்பி அனுப்பியது நினைவிருக்கும். ஐயா குழாயடிக்குப் போனதை நாங்கள் மேசைகளுக்குப் பின்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். தீவின் உப்புக் காற்றில் எந்த இரும்பும் ஒரு கிழமைக்குள் துருப்பிடித்துவிடும். ஸ்டெல்லாவின் களஞ்சியத்தில் மட்டும் பிடிக்காது. பழைய எஞ்சின் ஒயில் தோய்த்த சாரத் துணியில் ஒவ்வொன்றையும் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருப்பார்.

அவருக்கும் எனக்கும் ஒரே வயது. நானும் கோபக்காரி என்பதால் முதல் சில வருடங்கள் நாங்கள் ஒட்டவில்லை. எங்களைச் சேர்த்துவைத்தது என் வீட்டில் நடந்த ஒரு கெட்ட காரியம். பெரியமடுப் பக்கத்தில் வயல் செய்துகொண்டிருந்த என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கிழமைக்கு இரண்டு நாள் மன்னாரில் பயிற்சி கொடுத்தால் நடக்கலாம் என்றார் வைத்தியர். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க முடியாது. வீட்டில் பழைய சின்னக் கார் ஒன்று நின்றது. அதைப் பிரித்துப் பூட்டி இத்தனை வருடமும் ஓடவைத்தவர் அவர்தான். எனக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியால் வந்த கொஞ்ச நாளில், தன்னைப் பார்க்க வந்த மருமகனிடம் கார் திருத்துகிற தன் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்படி இடது கையால் காட்டிவிட்டார். அவன் தயங்கினான். அவர் விடவில்லை. பிறகு காரையும் விற்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். வவுனியாவில் இருந்து ஒரு ஆள் வந்து பார்ப்பதாகப் பேச்சும் ஆகிவிட்டது. கார் போனால் பயிற்சி போகும், பயிற்சி போனால் இவர் அந்தச் சாய்மனைக் கதிரையோடு போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காரை நானே பார்த்துக்கொள்வது என்று வீம்பாக முடிவெடுத்தேன். அந்த வீம்போடு மடுத் திருவிழாக் கடைத்தெருவில் ஒரு பெட்டி வாங்கினேன். நூற்றுச் சொச்சம் ஆயுதங்கள், சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி, எல்லாம் பளபளவென்று மின்னின. இவ்வளவு மலிவாக இவ்வளவு சாமான் என்று எனக்குப் பெருமை. முதல் வேலையாகப் பற்றரி நட்டைக் கழட்டப் போனேன். நட் அசையவில்லை, ஸ்பானர்தான் வாயைப் பிளந்தது. அடுத்த நாள் பெட்டியைக் கந்தோருக்குக் கொண்டுபோய் ஸ்டெல்லாவின் ஜன்னலில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் நிறை பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார்.

"இதில பாதி ஒரு நாளும் வெளிய போகாது, மலர். மற்றப் பாதி ஒரே ஒரு நாள்தான் போகும்" என்றார்.

ஸ்டெல்லாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்த வாகனத்திலும் முன் இருக்கையில் இருக்கவும் மாட்டார். எதிரே வருவதெல்லாம் தன்மேல் வருவதுபோல இருக்கிறதாம். அப்படிப்பட்டவரிடம் கார் ஆயுதத்தைப் பற்றிக் கேட்கப் போனாயா என்று என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் கந்தோர் வாகனங்களுக்கு எது திரும்பத் திரும்ப வெளியே போனது, எது உடைந்து வந்தது, எது வாங்கிய நாளில் இருந்து தூசு தட்டப்படாமலே கிடக்கிறது என்று இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எந்தச் சாரதிக்கும் தன் ஒரு வாகனம்தான் தெரியும். இவருக்கு எல்லாச் சாரதிகளின் கைகளும் தெரியும்.

"காரைப் பார்க்காமல் பையை நிரப்பேலாது" என்று சொல்லி ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடிக்க முதலே காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். காரைத் தூக்குகிற ஜக்கை வைத்துக் காட்டச் சொன்னார். வைத்தேன். கார் எழும்பவில்லை, ஜக்தான் எங்கள் முற்றத்து மணலுக்குள் இறங்கிச் சரிந்தது. அவர் கையில் இருந்த கடதாசியில் முதலாவதாக எழுதியது 'பலகை' என்று. மாட்டுக்கொட்டிலில் கிடந்த முதிரைப் பலகைத் துண்டு ஒன்று அந்த இடத்துக்குப் பொருந்தியது.

பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காரில் எந்தெந்த அளவு நட் இருக்கிறதோ அந்த அளவு ஸ்பானர் மட்டும் வாங்கினால் போதும் என்றார் ஸ்டெல்லா. என்னிடம் கேட்பார் என்று நின்றேன். அவர் ஒரு கதிரையை இழுத்து என் கணவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, பற்றரியைப் பூட்டியிருக்கிற நட் எத்தனையாம் நம்பர்?"

அவரால் கதைக்க ஏலாது, நானே ஸ்பானரை வைத்துப் பார்க்கிறேன் என்று குறுக்கே விழுந்தேன்.

"நான் உங்களைக் கேக்கேல்லை, மலர். அவருக்குத் தெரியும். அவரிட்டையே கேக்கிறன்."

கேட்டுவிட்டுப் பேனாவோடு சும்மா இருந்தார். பரிதாபமும் இல்லை, அவசரமும் இல்லை. களஞ்சிய ஜன்னலில் ஆள் சாமானைத் துடைத்துக்கொண்டு வரும்வரை இருப்பதுபோல இருந்தார். என் கணவரின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கண் கலங்கியது. எனக்கு ஸ்டெல்லாமேல் கோபம் பொங்கியது. அப்போது என் கணவர் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்து, மடக்கி, திரும்ப விரித்தார். பத்து. ஸ்டெல்லா எழுதிக்கொண்டார். எஞ்சின் ஒயில் வடிக்கிற நட்டுக்குப் பதினாலு. அடுத்தது ரயரைப் பூட்டுகிற சில்லு நட். விரல்கள் இடையில் தடுமாறின. திரும்பத் தொடங்கினார், திரும்பவும் பிழைத்தது. மூன்றாம் தரம் கையைக் கோபமாகக் கீழே போட்டார். வாயில் இருந்து "பத்தொம்பது" என்று வந்தது.

மாதக்கணக்கில் அவர் வாயால் நான் கேட்ட முதல் முழுச் சொல் அது. ஸ்டெல்லா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அடுத்த கிழமை மன்னார்க் கடைத்தெருவில் இருவரும் சாமான் வாங்கினோம். கடைக்காரர் பெரிய பெட்டிகளைக் காட்டக் காட்ட ஸ்டெல்லா கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு என்று நாலு ஸ்பானர். சில்லு நட்டுக்குப் பத்தொன்பது, அதன் பிடியில் செருகி நீட்டிக்கொள்ள ஒரு முழத்தில் இரும்புக் குழாய். திருப்புளி இரண்டு, குறடு ஒன்று, ரயருக்குக் காற்று அளக்கிற கருவி. தலையில் கட்டுகிற ரோச் லைட், ஏனென்றால் எனக்கு லைட் பிடிக்க மூன்றாவது கை இல்லை என்றார். இதில் பாதியைப் பழைய சாமான் கடையில், நல்ல இரும்பாகத் தேடி எடுத்தார். ஜக் தூக்கிய காரைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்ட் இரண்டையும் நானும் பழையதாக எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"காரைத் தாங்கிறதுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதேங்கோ. மிச்சத்துக்கெல்லாம் நல்லாப் பாருங்கோ."

அவை இரண்டும் புதிது. பிரேக் கழட்டுகிற ஆயுதம் ஒன்றும் வேண்டாம், அது கராஜ்காரர் வேலை, தெரியாத வேலைக்கு ஆயுதம் வாங்கி வைத்தால் கை குறுகுறுக்கும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் தைத்த பைக்குள் போட்டுத் தந்தார். திருவிழாப் பெட்டியில் வந்தவற்றில் அவர் பைக்குள் அனுமதித்தது ஒரு புனல் மட்டும்தான். அதுவும் அந்தப் பெட்டியோடு இலவசமாகக் கிடைத்தது.

ஒரு பயிற்சி நாள் காலையில், கடலுக்கு நடுவே தீவுக்குப் போகிற தாம்போதிச் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கார் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன், பின் ரயர் தரையோடு கிடந்தது. இரண்டு பக்கமும் கடல், காற்று சேலையைப் பிடுங்கியது. பயிற்சிக்கு இன்னும் அரை மணித்தியாலம். நட் நாலும் உப்பில் இறுகிப்போயிருந்தன. குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். என்னுடையது இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, அன்றைக்குத்தான் அதனால் ஒரு பிரயோசனம் வந்தது. நட் கிறீச்சிட்டு விட்டுக்கொடுத்தது. கழட்டிய நட்டுகளை எங்கே வைப்பது என்று நான் திரும்பிப் பார்க்க, கரையோரக் கல்லுக்கட்டின்மேல் இறக்கி இருத்தியிருந்த என் கணவர் வலது கையை நீட்டினார். விழுந்த கை. அதை மடியில் இருந்து அவரே தூக்கியிருந்தார். நாலு நட்டையும் வைத்தேன். விரல்கள் மெல்ல மெல்ல மூடின. ரயரை மாற்றி முடிக்கும்வரை ஒரு நட்டும் கீழே விழவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் வவுனியா ஆளுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லிக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். "இல்லை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் தந்தார்.

அடுத்த நாள் இந்தக் கதையை ஸ்டெல்லாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். பாராட்டுக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஏழாம் பொருத்தம். "ரயர் மாத்திக் கொஞ்சத் தூரம் ஓடின பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. உச்சி வெயிலில் என்னைக் கந்தோர் வளவில் நின்ற காருக்கு அனுப்பி இறுக்கவைத்தார். ஒரு நட் கால் சுற்றுச் சுற்றியது. அதைச் சொல்லவும் வெட்கம், சொல்லாமல் விடவும் பயம். இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் மேசையில் பேசாலைக் கருவாட்டுப் பொதி ஒன்று இருந்தது, அண்ணைக்கு என்று எழுதி. எனக்கு என்று எழுதவில்லை.

பை இன்னும் காரின் பின்னால் இருக்கிறது. ஆனால் ஸ்டெல்லாவிடம் இருந்து நான் வைத்திருப்பது அந்தப் பை அல்ல. அதைப் பேசாலைச் சேமக்காலையில் அவரை மண்ணுக்குள் வைத்த பின்னேரம்தான் நானே அறிந்தேன். என் கணவர் தடியோடு எனக்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் கந்தோரில் முன்பு பெரியவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கிட்ட வந்து, என் கணவர் அங்கே நிற்காததுபோல என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், இவருக்கு இப்போது எப்படி, கதைக்கிறாரோ, நடக்கிறாரோ என்று. இப்படிக் கேட்கிற எல்லோருக்கும் இவ்வளவு காலமும் நான்தான் பதில் சொல்லி வந்தேன். கெட்டிக்காரத்தனமாக, கண் கலங்க, விரிவாகச் சொல்லுவேன். அன்றைக்கும் வாயைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"அவரிட்டையே கேளுங்கோ, சேர்" என்றேன்.

பெரியவர் சங்கடப்பட்டார். கேட்டார். காற்று மண்ணைக் கிளப்பியது, சனம் கலையத் தொடங்கியது, பெரியவர் எனக்குக் கண் காட்டினார். நான் உதவிக்குப் போகவில்லை, நின்றேன். என் கணவர் தடியை மணலில் ஊன்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டில இருந்து..." என்றார். மூச்சு வாங்கினார். "நடந்து வந்தனான்."