போனுக்கு மட்டும் கேட்ட பதில்

எங்கள் எஸ்டேட்டில் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு ரூம் கட்டினார்கள். இங்கிலீஷ் தெரிந்தால் அங்கே வேலை, குத்தவைத்து ஏலக்காய் எடுக்க வேண்டாம் என்றார்கள். அதனால் போனில் இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்தேன். போன் கேள்வி கேட்கும், நாம் பதில் சொன்னால் சரியா தப்பா என்று சொல்லும்.

போடியிலிருந்து மலைக்குப் போகும் ஜீப்பில் படித்தால் எல்லாரும் சிரித்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஏலக்காட்டுக்குள் கிளம்பினேன்.

"எங்கிட்டும் தனியா போகாத புள்ள, ஆனை நிக்கிற காடு," என்றார் கூட வேலை பார்க்கும் செல்வி மதினி. நான் காதில் வாங்கவில்லை.

ஏலச்செடிகள் ஆளை மறைக்கும் உயரம். மூடுபனி வேறு. உட்கார்ந்து போனைத் திறந்தேன்.

"இஸ் எனிபடி தேர்?" என்று கேட்டது. யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். "யெஸ், ஐ ஆம் ஹியர்" என்று நான் சொல்ல வேண்டும்.

வாயைத் திறக்குமுன் பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. காற்றே இல்லை, எதிரே இலைகள் மட்டும் அசைந்தன. காதில் எதுவும் விழவில்லை. ஆனால் நெஞ்சுக்கூடு லேசாக அதிர்ந்தது.

"வெரி குட்," என்றது போன்.

நான் பேசவே இல்லை.

பனிக்குள் பெரிய கறுப்பு உருவம் ஒன்று மெல்லத் திரும்பி, ஒரு குச்சிகூட முறியாமல் இறங்கிப் போனது. அது நின்ற இடத்தில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது.

இப்போது அந்த ரூம்களில்தான் எனக்கு வேலை. கதவைத் தட்டிவிட்டு, அன்று போன் கேட்ட அதே கேள்வியைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.