மச்சான் கெடுத்த பரீட்சை

என் அக்கா புருஷன் காசிமாயன் போடியிலிருந்து மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டினார். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை ஏற்றிவிட்டு, வழியில் இன்னொருவர் கை காட்டினால் "ஏறுங்கண்ணே, எடம் கெடக்கு" என்பார். கோபம் பொசுக்கென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். மகள் வேலுத்தாயைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மட்டும் லேசில் போகாது.

வேலுத்தாய் நாலு வயதில்தான் நடந்தாள். பேச்சு வர ஆறு வயதானது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார வைத்துவிட்டு, "இனிமே வீட்லயே வச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மதுரையில் காட்டியபோது மூளை வளர்ச்சி குறைவு என்றார் ஒரு டாக்டர். "அந்தாளு என்னத்தப் படிச்சான்?" என்று மச்சான் அன்றோடு அந்தப் பேச்சை மூடிவிட்டார். ஒருமுறை ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், முன்சீட்டில் இருந்த வேலுத்தாயைப் பார்த்து, "புள்ள கொஞ்சம் மந்தமோ?" என்று கேட்டுத் தொலைத்தார். மலைப்பாதையின் எட்டாவது வளைவில் அவரையும் அவர் மூட்டையையும் இறக்கிவிட்டு மச்சான் போய்விட்டார். இரண்டு வளைவு தாண்டியதும் மனசு கேட்காமல் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டார்.

அக்கா அன்னக்கொடி வேறு ரகம். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போவாள். "என்ன பேரு வேணா வச்சுட்டுப் போகட்டும். எம் புள்ள நாள் பூரா வாசப்படியிலயே ஒக்காந்திருக்கா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்பாள்.

வழி 1981-இல் வந்தது. ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த சமயம். தேனிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இருபது பிள்ளைகளுக்குத்தான் இடம். சேர்க்க வேண்டுமானால் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும். அதற்காக ஊர் ஊராக முகாம் போட்டு, டாக்டர் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துச் சீட்டு கொடுத்தார். போடி முகாமுக்கு அக்கா ஒரு மாதம் முன்பே பேர் கொடுத்துவிட்டாள்.

சோதிப்பார்கள் என்றதும் மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. எதற்காகச் சோதிக்கிறார்கள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் தன் பையனை வேறொரு முகாமுக்குக் கூட்டிப்போய் வந்திருந்தார். என்னென்ன கேட்டார்கள் என்று அவரிடம் ஒன்று விடாமல் கறந்துகொண்டார். கலர் கேட்பார்கள், பத்து வரை எண்ணச் சொல்வார்கள், பசு என்ன கொடுக்கும், மழை வந்தால் என்ன செய்வாய். அன்றிலிருந்து ஜீப்புதான் பள்ளிக்கூடம். "பசு என்ன குடுக்கும், ஆத்தா?" என்று மச்சான் கேட்பார். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் வேலுத்தாயோடு சேர்ந்து "பாலு!" என்று கத்துவார்கள். அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. பத்தாவது வளைவு வருவதற்குள் பத்து வரை எண்ணி முடித்துவிடுவாள்.

முகாம் அன்று அக்காவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நான் தையல் கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு போனேன். ஏகப்பட்ட கூட்டம், ஆளுக்குப் பத்து நிமிஷம். டாக்டர் கேட்கக் கேட்க வேலுத்தாய் டக்டக்கென்று சொன்னாள். மழை வந்தால்? "கொட பிடிப்பேன்." டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"நல்லாச் சொல்றாளே. இவளுக்கு இந்தச் சீட்டு தேவைப்படாது. சாதாரணப் பள்ளிக்கூடத்துலயே சேருங்க."

மச்சானைக் கையில் பிடிக்க முடியவில்லை. இரண்டு கிலோ லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். நானும் மூன்று தின்றேன், மறைப்பானேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். "சீட்டு எங்க?"

"சீட்டே தேவையில்லைன்ட்டாரு டாக்டரு. எம் மக பாசு!"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாசா? அப்ப எங்க கொண்டுபோய்ச் சேப்பீக? மூணு வருசம் ஒக்கார வச்சு வெரட்டுனாகளே, அங்கயா? ஒங்க ரோசத்துக்கு லட்டு. எம் புள்ளைக்கு அதே வாசப்படி. நல்லாருக்கு." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். மச்சான் கையில் இருந்த லட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் கடைசி முகாம். இதையும் விட்டால் அந்த வருஷம் இடம் கிடையாது. காலையிலேயே நாலு பேரும் ஜீப்பில் போய் நின்றோம். மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதே டாக்டர் முன்னால் போனார்.

"அய்யா, நேத்து அவ சொன்னது பூரா நான் பழக்கிவிட்டது."

டாக்டர் நம்பவில்லை. கேள்விகளை வரிசை மாற்றிப் போட்டு, கலரில் தொடங்காமல் மழையில் ஆரம்பித்தார். வேலுத்தாய் உடனே "செவப்பு" என்றாள். டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

"வீட்டுல இவளுக்கு என்னென்ன வராதுன்னு சொல்லுங்க. எழுதணும்."

அக்கா வாயெடுத்தாள். மச்சான் கை காட்டி நிறுத்தினார். "நாஞ் சொல்றேன்."

"பொத்தான் போட வராதுங்கய்யா" என்றார். ஆறு வருஷமாக நான் அவளுக்குப் பொத்தானே இல்லாத கவுன்தான் தைத்துவந்தேன். அதை மச்சான் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "தனியா விட்டா வீடு வந்து சேர வராது. பேரெழுத வராது."

காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த வேலுத்தாய், "தல சீவ வராது" என்றாள்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். இதெல்லாம் அவளுக்கே தெரியும் என்று அந்த மனிதர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளோ ஜீப்பில் விளையாடிய விளையாட்டைப்போலச் சிரித்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னாள். "செருப்பு மாட்ட வராது. மாறிப் போகும்."

மச்சான் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வேலுத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவுக்கு அழுகாம இருக்க வராது. அதயும் எழுதுங்க."

முதலில் டாக்டர் சிரித்தார், பிறகு அக்கா. துண்டுக்குள்ளேயிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. டாக்டர் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதி, முத்திரை குத்தி, சீட்டை வேலுத்தாய் கையிலேயே கொடுத்தார். ஜூன் மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள்.