ஆறு நாற்பதுக்கு மூன்று தட்டு

மார்ச் மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்குச் சூரியன் வருவதற்கு முன்னால் வெர்லின் ஸ்டட்லரின் குரல் வந்துவிடும். மேற்கு வர்ஜீனியா மலைகளுக்குள் ஆற்றை ஒட்டிக் கிடக்கிற ஊர் இது. விடியற்காலையில் ஆற்றிலிருந்து எழும் பனிமூட்டம் தேவாலயத்தின் கூரை வரைக்கும் வந்து நிற்கும். அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு பியானோ கேட்கும். அதன்மேல் மெதுவாக, பாதித் தூக்கத்தில் பேசுவதுபோல் வெர்லின் பேசுவாள். பாலம் வழுக்குகிறது என்பாள். காஸ்டோ வீட்டுப் பசு வேலி தாண்டிவிட்டது என்பாள். பிறகு யாரும் கேட்டிராத ஒரு பழைய பாட்டைப் போடுவாள். நாங்கள் பிஸ்கட் என்கிற சுடச்சுட மெத்து ரொட்டியில் ஆப்பிள் பட்டர் ஜாமைத் தடவிக்கொண்டு கேட்போம்.

வெர்லினுக்கு வயது ஐம்பத்தெட்டு. மருந்துக்கடை மாடியில் ஓர் அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. அங்கே அவள் பேசுவது முதலில் மலைக்கு அந்தப் பக்கம் நகரத்தில் இருக்கும் பெரிய நிலையத்துக்குப் போகும். அவர்கள் அதைத் தங்கள் டிஜிட்டல் துணை அலைவரிசையில் விடுவார்கள். டிஜிட்டல் ரேடியோ வைத்திருக்கும் நகரத்துக்காரர்களுக்கு அப்படிக் கேட்கும். மலை குறுக்கே நிற்பதால் அந்த அலை எங்களுக்கு எட்டாது. அதனால் மலை உச்சியில் ஒரு சின்னக் கோபுரம் அதைப் பிடித்து, சாதாரண ரேடியோவில் கேட்கும்படி பள்ளத்தாக்குக்குள் இறக்கிவிடும். நிலையத்தார் அதை டிரான்ஸ்லேட்டர் என்பார்கள். எங்களுக்கு அது வெர்லினின் கோபுரம்.

அந்தக் கோபுரத்துக்குத் தனியாக எதையும் பேசும் உரிமை கிடையாது. ஒரே ஒரு சலுகை உண்டு. மணிக்கு முப்பது விநாடி, ஆதரவு தந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொள்ளலாம். வெர்லின் காலை ஆறு நாற்பதுக்கு ஒரு பொத்தானை அழுத்துவாள். நகரத்துக்குப் பியானோ மட்டும் போகும். பள்ளத்தாக்குக்கு அவள் குரல் வரும். தீவனக்கடைக்கு நன்றி சொல்வாள். கடைசியில் நகத்தால் மைக்கை மூன்று முறை தட்டுவாள்.

நான்கு வருஷமாக அந்தத் தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏதோ பழக்கம் என்று நினைத்தோம்.

அது ரோவீனாவுக்கு. வெர்லினின் ஒரே தங்கை. சின்ன வயதில் இருவர் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அக்கா மூன்று தட்டினால் 'முழித்திருக்கிறாயா' என்று அர்த்தம். தங்கை இரண்டு தட்டினால் 'இருக்கேன்'.

ஆறு வருஷத்துக்கு முன் பெரும்பனி கொட்டிய ஒரு காலையில் அவர்கள் அம்மா போனாள். அன்றைக்கு வெர்லின் மைக்கை விட்டு எழவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் லீவு, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோவீனா தனியாக உட்கார்ந்திருந்தாள், தலைமாட்டில் அக்காவின் குரல் ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்க. கல்லறையில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"உனக்குத்தான் ஊரெல்லாம் சொந்தமாச்சேக்கா. நான் ஒருத்தி எதுக்கு?"

அதோடு சரி, அக்கா தங்கைக்குள் பேச்சே நின்றுபோனது. ரோவீனா பேச்சை எடுத்தால் வெர்லின் முகம் கருத்துவிடும். நாங்களும் எடுக்காமலே இருந்துவிட்டோம். அந்த மரியாதை எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த வசந்த காலத்து நேயர் கணக்கெடுப்பின் முடிவு வந்த அன்று, பெரிய நிலையத்து மேலாளர் டுவைட் காட்ரில் மலை தாண்டி வந்தான். கையில் ஒரு தாள்.

"வெர்லின், இந்த லிஸ்ட்ல உங்க நிகழ்ச்சி எங்கன்னு காட்டுங்க பார்ப்போம்."

"கண்ணாடி இல்ல டுவைட்."

"கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஏன்னா அது இல்லவே இல்ல."

கணக்கெடுப்புக்காரர்கள் சில வீடுகளுக்குச் சின்ன நோட்டுப் புத்தகம் அனுப்புவார்கள். ஒரு வாரம் எதைக் கேட்டோம் என்று அதில் எழுத வேண்டும். பள்ளத்தாக்குக்காரர்கள் கோபுரத்தின் எண்ணை எழுதியிருந்தார்கள். நகரத்துக்காரர்கள் டிஜிட்டல் எண்ணை எழுதியிருந்தார்கள். இரண்டிலும் ஒரு விநாடி விடாமல் ஒன்றே ஓடினால் இரண்டையும் கூட்டி ஒரே வரியில் போடுவார்கள். ஒன்றேதான் ஓடுகிறது என்று நிலையம் கையெழுத்துப் போட வேண்டும். நிலையத்து எஞ்சினியர் பதிவேட்டைப் பார்த்தார். ஆறு நாற்பதுக்கு இரண்டும் வேறாக ஓடுவதைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கூட்டினா தாராளமா லிஸ்ட்ல வரும். தனித்தனியா ரெண்டுமே கோட்டுக்குக் கீழ," என்றான் டுவைட். "அடுத்த கணக்குலயும் வரலைன்னா, காலை நேரத்தை விளையாட்டுப் பேச்சுக்குக் குடுக்கச் சொல்றாங்க மேல. நாலு பேர் உக்காந்து கத்துவானுங்க. உங்க பனிமூட்டம் அவ்ளோதான்."

"முப்பது செகண்டுக்காகவா?"

"சட்டப்படி அந்த முப்பது செகண்ட் சரி. கணக்குப்படி அது கத்தி. தீவனக்கடைக்கு ஒரு கடுதாசி போட்டு நன்றி சொல்லிக்கலாமே? அப்படி என்ன இருக்கு அதுல?"

வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே பனி கலைந்துகொண்டிருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

அன்று மதியம் அவள் ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். ஒரு கூழாங்கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டை நிறுத்தினால், எங்கோ ஒரு சமையலறையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கை, அக்கா என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைப்பாளே! நிறுத்தாவிட்டால் நிகழ்ச்சியே போய்விடும். குரலும் போகும், தட்டும் போகும். மிஞ்சியது ஒரே வழி, நகரத்துக்கும் கேட்கும்படி தட்டுவது. ஆனால் அதற்கு, இதுவரை ஊருக்கு ஒளித்து வைத்திருந்த நெஞ்சைப் பிளந்து மலைக்கு இரண்டு பக்கமும் காட்ட வேண்டும்.

மறுநாள் ஆறு நாற்பது. அவள் பொத்தானைத் தொடவில்லை. பியானோ ஒலியை மெல்லக் குறைத்தாள்.

"ரோவீனா," என்றாள். எங்கள் வீட்டில் ஸ்பூன்கள் அப்படியே நின்றன. "அம்மா போன அன்னிக்கு நான் வந்திருக்கணும்டி. ஸ்கூல் லீவுன்னு சொல்ல ஊருக்கு வேற ஆள் கிடைச்சிருக்கும். உனக்கு வேற அக்கா கிடையாது. தப்பு என்னுதுதான். எல்லாரும் கேக்கட்டும்."

மூன்று தட்டு.

பிறகு மைக்கை அணைத்தாள். அடுத்த பாட்டைப் போட்டாள். அது பாதி ஓடியபோது நேயர் தொலைபேசியின் விளக்கு மினுங்கியது. எடுத்தாள். வண்டிகள் போகும் இரைச்சல். அதற்குள் எதிலோ தட்டும் சத்தம்.

இரண்டு.

"ரோவீனா?"

"ஏன்க்கா, ஆறு வருஷம் கழிச்சு ஒரு வார்த்தை பேசறதுக்கு உனக்கு சிட்டி பூரா சாட்சி வேணுமா?" குரல் அழுகையில் உடைந்திருந்தது.

"நாலு வருஷமா தினமும் தட்டிக்கிட்டுத்தானடி இருக்கேன்! ஆறு நாப்பதுக்கு!"

"எங்க தட்டின? எனக்கு சிட்டி ஆஸ்பத்திரி லாண்டரியில ஏழு மணி ஷிஃப்ட். அஞ்சு வருஷமாச்சு. ஆறரைக்கு மலையைத் தாண்டினா உன் கோபுரம் கொரகொரன்னும். காரு ரேடியோவை டிஜிட்டலுக்கு மாத்திருவேன். ஆறு நாப்பதுக்கு அதுல வெறும் பியானோதான் வரும். பாவி, சரியா என் நேரம் பார்த்து வாயை மூடிக்கறாளேன்னு தினமும் திட்டிக்கிட்டே போவேன்."

வெர்லின் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். எந்தக் காதுக்காக மலைக்கு இந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்தாளோ, அந்தக் காது தினமும் மலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது. ரோவீனாவின் வேலையைப் பற்றி எங்களில் யாராவது வாய் திறந்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

"திட்டிக்கிட்டே கேட்டியா?"

"வேற எதைக் கேக்கறதாம்? பாட்டு முடியப் போகுது பாரு, போய் வேலையைக் கவனி. பின்னாடி நிலக்கரி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுருவான்."

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"பிஸ்கட்டை அம்மா மாதிரி சுடு. கல்லு மாதிரி சுட்டா திரும்பிப் போயிருவேன்."

அன்று அடுத்த பாட்டு இருபது விநாடி தாமதமாக வந்தது. பள்ளத்தாக்கில் யாரும் குறை சொல்லவில்லை. எஞ்சினியர் மட்டும் பதிவேட்டில் பார்த்து, அந்த மௌனம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது என்று உறுதி செய்துகொண்டாராம்.

இலையுதிர் காலத்தில் டுவைட் கொண்டுவந்த தாளில் வெர்லினின் நிகழ்ச்சி ஒரே வரியாக இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். இப்போதும் ஆறு நாற்பதுக்கு மூன்று தட்டு உண்டு, மலைக்கு இரண்டு பக்கமும். அந்த நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்கிறார்கள்: பனிக்குள் ஒரு பழைய நீலக் கார் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு நகரத்தை நோக்கி இறங்குகிறதாம்.