முதல் வாரத்து ஸ்டேச்சு

ரெபேக்கா மைக்கைப் பிடித்தால் மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவனும் எழுந்து கை தட்டுவான். ஊரிகம் சர்ச்சில் கோடை லீவு வேதாகமப் பள்ளியை வருஷா வருஷம் நடத்துவது அவள்தான். பாட்டுக்குப் பாட்டு ஆக்‌ஷன், கதைக்குக் கதை குரல். அழுதுகொண்டு வந்த பிள்ளை அரை மணி நேரத்தில் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கைராசியைப் பார்த்துத்தான் மாலூர் பக்கத்துக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. நல்ல வேலை என்று அவள் அம்மா காணிக்கை போட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

அது கோழிக்கறியை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கும் கம்பெனி. பல் கிட்டும் குளிரில், ரத்த வாடையில், நாள் முழுக்க நின்றபடி வேலை. திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவன் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடப் போகிறேன் என்று போவான், அத்தோடு சரி. சேருகிறவர்களை முதல் வாரம் ஓடாமல் பிடித்து வைப்பதுதான் ரெபேக்காவின் வேலை. மேனேஜர் மனோகர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஃபன்னா இருக்கணும்மா. வர்றவங்க சிரிச்சிகிட்டே உள்ள போகணும். சொல்ப எனர்ஜி பேகு, கொஞ்சம் எனர்ஜி வேணும்."

அதுவரை முதல் நாள் என்றால் இருட்டறையில் ஒரு படம் போடுவார்கள். உறைய வைக்கும் யந்திரக் குழாய்களில் அமோனியா ஓடுகிறது, கசிந்தால் சங்கு ஊதும், சங்கு கேட்டால் போட்டது போட்டபடி வெளியே ஓடு என்று ஒருவன் இந்தியில் கத்துவான். நடுவே வெந்துபோன கண் ஒன்றைத் திரை முழுக்கக் காட்டுவார்கள். வேலைக்கு வந்த அன்றே இழவு வீட்டைக் காட்டினால் எவன் தங்குவான்? ரெபேக்கா அந்தப் படத்தைத் திங்களிலிருந்து எடுத்துச் சனிக்கிழமைக்குத் தள்ளினாள். வாரம் முழுக்கச் சிரிப்பு, கடைசியில் பயம் என்பது அவள் கணக்கு. மனோகர் அதற்கும் தலையாட்டினார்.

பெயரைப் பாட்டாகச் சொல்லும் விளையாட்டு வந்தது. புது ஆள் ஒவ்வொருவருக்கும் பழைய ஆள் ஒருவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டாளியாகப் போட்டாள். தலையில் மாட்டும் வெள்ளைத் தொப்பியில் படம் வரையச் சொன்னாள். ஆட்கள் தங்க ஆரம்பித்தார்கள். நியாயமாகச் சொன்னால் அவள் செய்ததில் முக்கால்வாசி நல்ல காரியம்தான், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. மிச்சம் கால்வாசிதான் ஸ்டேச்சு.

சின்ன வயதில் எல்லோரும் ஆடியதுதான். 'ஸ்டேச்சு' என்று கத்தினால் இருக்கிற இடத்தில் சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவர் அவுட். ரெபேக்கா கத்துவதற்குப் பதிலாகக் கம்பெனிச் சங்கையே ஊத வைத்தாள். முதல் வாரத்தில் எந்த நேரமும் ஊதும், புது ஆட்கள் அப்படியே நிற்க வேண்டும், கடைசிவரை அசையாதவருக்குப் பெரிய சாக்லேட். பழைய ஆட்கள் பயந்து ஓடாமலிருக்க வாட்ச்மேன் முன்கூட்டியே சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிவிடுவார். கத்தியோடும் பெட்டியோடும் பிள்ளைகள் சிலையாய் நிற்பதைப் பார்த்து மனோகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் படம் பிடித்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார்.

மூடிப்போன தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைனில்தான் ரெபேக்காவின் வீடு. அங்கே இதைச் சொன்னபோது அவள் அம்மா சிரிக்கவில்லை.

"சங்குல வெளையாடாதடி. நேரங்கெட்ட நேரத்துல மைன் சங்கு ஊதினா இந்த லைன்ல இன்னா ஆவும் தெரியுமா? உள்ள யாரு வூட்டு ஆம்பள மாட்டிகினானோன்னு அடுப்பக்கூட அணைக்காம ஷாஃப்ட்டு வாய்க்கு ஓடுவோம்."

"மைன் மூடி எவ்ளோ வருஷமாச்சு! நீ இன்னும் ஓடிகினே இரும்மா."

அடுத்த திங்கட்கிழமை பக்கத்து வீட்டு லதாவின் மகள் ஷில்பா வேலைக்குச் சேர்ந்தாள். வேலை வாங்கிக் கொடுத்தவளே ரெபேக்காதான். ஊரிகம் ஸ்டேஷனில் லதா மகளின் கையைப் பிடித்து ரெபேக்காவின் கையில் வைத்தாள். "அப்பன் இல்லாத பொண்ணு. இனிமே உன் பொறுப்பும்மா" என்றாள். "ஐயோ ஆன்ட்டி, அவள நான் பாத்துக்கறேன்" என்று ரெபேக்கா ரயிலில் ஏற்றிக்கொண்டாள்.

ஷில்பாவுக்கு ஸ்டேச்சு பிடித்துப்போயிற்று. முதல் நாளே ஜெயித்தாள். குளிரில் மூக்கு ஒழுகியும் அசையவில்லை என்று கூட நின்ற புது ஆள் விநாயக் ரயிலெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். சாக்லேட்டை அவள் பிரிக்கவில்லை. முதல் வேலையில் கிடைத்த முதல் பரிசு என்று வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை சங்கு ஊதியது. அன்று ரெபேக்கா ஊதச் சொல்லவில்லை. கேன்டீனில் டீக் குடித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு டம்ளரைக் கீழே போட்டாள். பழைய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடி வந்தார்கள். புது ஆட்கள் ஒருவரையும் காணோம். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆண்டவரே ஆண்டவரே என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தாள். கண்ணும் மூச்சும் எரிந்து சுருண்டவளை வாட்ச்மேன் வெளியே இழுத்துப் போட்டார். பிறகு புது ஆட்கள் இருமிக்கொண்டும் தவழ்ந்துகொண்டும் வந்தார்கள். ஷில்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் விநாயக் கண்ணில் கட்டோடு கிடந்தான். ரெபேக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஷில்பா வழியில் வழுக்கி விழுந்தாளா, கதவு சிக்கிக்கொண்டதா, இல்லை தன் விளையாட்டால் நின்றாளா? கடவுளே, கதவு என்று சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கேட்டாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

"எல்லாருமே மொதல்ல நின்னோம்க்கா. வாடை வந்தது. ஓடலாம்மேன்னு சொன்னேன். சிரிச்சிகினே, வாய அசைக்காம சொன்னா, 'அசையாத, அக்கா எங்கியோ நின்னு பாக்கும்'னு. நாங்க ஓடறப்ப அவ இன்னும் அங்கதான் நின்னுகினு இருந்தா. கசிஞ்ச குழாய் அவ பக்கத்துலதான் இருந்தது."

ஷில்பாவின் அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு லதா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அந்த மூணு நாளு அவ வீட்ல சிரிச்சிகினே இருந்தா ரெபேக்கா. அவ அப்பன் போனப்பறம் அப்டிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. போட்டில ஜெயிச்சேன், ஜெயிச்சேன்னா. அது இன்னா வெளையாட்டு?"

இருநூறு பிள்ளைகளைக் கட்டி ஆண்ட ரெபேக்காவின் வாய் அன்று பொய்தான் சொன்னது. தலைவலி என்று எழுந்து வந்துவிட்டாள்.

விசாரணைக்கு அதிகாரி வரும் நாளன்று மனோகர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்மா. சங்கு ஊதினா ஓடணும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்னு. மத்தவங்க ஓடிட்டாங்க, அந்தப் பொண்ணு விளையாட்டுத்தனமா நின்னுட்டா. அவ்ளோதான். செத்தவளுக்கு என்ன போகுது? உனக்கு வேலை இருக்கும்."

செத்தவளுக்கு என்ன போகுதாம்! வயிறு குலுங்கச் சிரித்துப் படம் பிடித்த மனுஷன் சொல்கிற பேச்சைப் பாருங்கள். ஆனால் ரெபேக்காவும் உடனே முடியாது என்று சொல்லிவிடவில்லை. அவள் ஒன்றும் சிறகு முளைத்த சம்மனசு இல்லை. சரி சார் என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், கேஸ் வரும், லைன் முழுக்கத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே லதாவுக்குத் தெரியும்.

அதிகாரி நிதானமானவர். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணு சொன்ன பேச்சு கேக்காம நின்னுட்டாங்க, இல்லையா?"

பக்கத்தில் மனோகர் ஆமாம் என்று தலையாட்டினார். ரெபேக்காவால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"இல்ல சார். சொன்ன பேச்ச கேட்டது அவ மட்டுந்தான். சங்கு ஊதினா அசையாம நில்லுன்னு சொல்லிக் குடுத்தது நான். ஓடணும்னு சனிக்கிழமை சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அவ ஒரு தப்பும் பண்ணல சார்."

மனோகர் அவளை முறைத்துக்கொண்டு வெளியே போனார். தான் எதையும் கண்டதில்லை, அந்த விளையாட்டு ரெபேக்கா தானாகச் செய்தது என்று அவர் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அடையாள அட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ரெபேக்கா சாயங்கால ரயிலைப் பிடித்தாள். பழைய ஆட்கள் நாலு பேர் அதே பெட்டியில் இருந்தார்கள். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. விளையாட்டு வினையாகும்னு சும்மாவா சொன்னாங்க என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். சொல்லட்டும். சொல்லக்கூடாது என்று யார் வாயை யார் மூடுவது?

செய்தி அவளுக்கு முன்னால் லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. லதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரெபேக்கா அவள் காலில் விழுந்தாள்.

"அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் சொல்லல ஆன்ட்டி. அந்த வெளையாட்டு..."

"தெரியும். சொன்னாங்க."

லதா திட்டவில்லை, அடிக்கவுமில்லை. அடித்தால் தேவலை என்று ரெபேக்கா காத்துக்கொண்டே கிடந்தாள். லதா உள்ளே போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். குனிந்து ரெபேக்காவின் கையை எடுத்து, ஸ்டேஷனில் மகளின் கையை வைத்த அதே கையில், பிரிக்காத அந்தச் சாக்லேட்டை வைத்தாள்.

"இது உன்னுது. எடுத்துகினு போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.