மின்சாரத்துக்கு முன்பே கறுத்த தாள்

பேட்டரியை இணைப்பதற்கு முன்பே சோதனைத் தாள் எப்படிக் கறுத்தது?

எண்பதுகளின் நடுவில் நான் மதுரையில் ஆய்வு மாணவன். கரியமில வாயுவை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றுவது எங்கள் வேலை; நிக்கலை நடுவில் கொண்ட ஒரு வளைய மூலக்கூறு அதற்கு வினையூக்கி. கிடைக்கும் வாயுவிலிருந்து மெத்தனால் செய்யலாம். பயனுள்ள பொருள் என்றே ஆய்வுக் குறிப்புகளில் நான் எழுதிவந்தேன். மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் நஞ்சும் அதுதான். அது உண்டாயிற்றா என்றறிய, பல்லேடியம் உப்பில் தோய்த்த தாள் வைத்திருந்தோம். வாயு பட்டால் கறுக்கும்.

கரியமில வாயு நிறைந்த விறகுப் புகையை வினையூக்கி தாங்குமா என்று பார்க்க, போடிக்கு மேலே மலைச்சரிவிலிருந்த பெரியப்பாவின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கண்ணாடிக் கலத்துடன் போனேன். வெளியே அடுப்பு எரியும். புகை செல்லும் தகரக் குழாய் உள்ளறையைச் சூடாக்கும். காயின் பச்சை மாறாதிருக்க அறையை இறுக மூடிவைப்பார்கள். சிலமலையிலிருந்து ஜீப்பில் வரும் அக்கா ஒருவர் உள்ளே காயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"புகையைப் பாட்டில்ல அடைச்சு என்ன தம்பி செய்யப் போறீக, ஊறுகாயா?" என்றவர் நெற்றியை அழுத்திக்கொண்டார். "ரெண்டு நாளா உள்ள வந்தாலே மண்டை இடி. சூடு ஒத்துக்கல."

கலத்தை அறைக்குள் வைத்து, தாளை நனைத்து அதன் வாயருகே தொங்கவிட்டு, பேட்டரிக் கம்பியை மாட்டத் திரும்பினேன். அதற்குள் அதன் ஓரம் கறுத்திருந்தது. இன்னொரு தாளை எடுத்தேன். அதுவும் கறுத்தது. வாயு என் கலத்திலிருந்து வரவில்லை, அறையில்தான் இருந்தது. அரைகுறையாக எரியும் விறகின் புகையிலும் அது உண்டு.

"அக்கா, வெளியே வாங்க."

"இந்தத் தட்டை முடிச்சுட்டு வர்றேன்." சொன்னவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கதவை அகலத் திறந்தேன். பெரியப்பா ஓடிவந்தார்.

"மூடுடா அப்பு, பச்சை போயிரும். ஒரு லோடு காய் கெடக்கு."

"குழாய் எங்கயோ விட்டிருக்கு பெரியப்பா. மூடினா அக்கா செத்துருவாக."

"புகையே காணோமேடா."

"இது கண்ணுக்குத் தெரியாது."

எழ முயன்ற அக்காவின் கால்கள் மடிந்தன. அதைப் பார்த்ததும் ஒரு தோளைப் பெரியப்பாவே பிடித்தார். வெளியே சாரலில் கிடத்தினோம். அக்காவுக்குப் பேச்சு வர வெகுநேரமாயிற்று.

குழாயின் அடியில் துருவேறிய விரிசல் இருந்தது. அது எத்தனை நாளாக இருந்தது என்று எவருக்கும் தெரியவில்லை.

அந்த லோடு காய் வெளிறிப்போனது. பெரியப்பா குழாயை மாற்றினார். ஆள் உள்ளே இருக்கும்போது கதவை மூடுவதை நிறுத்தினார். அக்கா அதன்பின் காய் பறிக்க மட்டுமே மலைக்கு வந்தார். மதுரை ஆய்வகத்தில், கலத்தின் வாயுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய பிறகே நான் மின்சாரத்தை இணைத்தேன்.