பால் பிடிச்ச கட்டைவிரல்

நான் பால் வெட்டப் போன காலத்துல, கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள்ல சம்பள நாள்னா அது ஆம்பளைங்களுக்குத்தான் திருநாள். விடியக்காலையில கத்தியைத் தூக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடுறது புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும். சம்பள மேசையில பொஞ்சாதி பேரைக் கூப்பிட்டா, கையை நீட்டுறது புருசன். எம் புருசனும் நீட்டினாரு. கெட்ட மனுசன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். குடி கெடையாது, அடி கெடையாது. ஆனா பார்க்கிறவங்க கங்காணின்னு நெனைக்கணும்னு ஒரு பைத்தியம். எஞ்சம்பளத்துல ஒரு கறுப்புக் கோட்டு வாங்கினாரு, ஒரு குடை வாங்கினாரு, சங்கிலி போட்ட கடிகாரமும் வாங்கினாரு. மணி பார்க்கத் தெரியாது. யாராவது மணி கேட்டா கடிகாரத்தைத் தொறந்து பார்த்துட்டு, அப்புறம் அண்ணாந்து சூரியனைப் பார்த்துத்தான் சொல்லுவாரு.

எனக்கு வாய் நீளம்னு நாங்க குடியிருந்த லயம் பூரா தெரியும். இருந்தும் இந்த விசயத்துல நான் பேசினதில்ல. எங்கம்மா சம்பளத்தை எங்கப்பா வாங்கினாரு, எஞ்சம்பளத்தை இவரு வாங்குறாரு, அம்புட்டுத்தான்.

அப்பத்தான் கொழும்புல பெரிய வீட்டு அம்மாமார் சேர்ந்து நடத்துற ஒரு பெண்கள் சங்கத்துலேர்ந்து ஒரு டீச்சரம்மா வர ஆரம்பிச்சாங்க. ஒல்லியான உருவம், ஆனா பிடிச்சா உடும்புதான். பொம்பளை சம்பளம் பொம்பளை கையில குடுக்கணும்னு தொரைகிட்ட கேட்டு வாங்கிட்டாங்க. எங்க மேல உள்ள பாசத்துல ஒண்ணும் தொரை ஒத்துக்கல. அந்தம்மா வாரா வாரம் பங்களா வாசல்ல வந்து நிக்கிறதைத் தாங்க முடியாமத்தான் ஒத்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கைப்பிள்ளைங்களை விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல வச்சுக் காசு சேர்க்கிற பாடம். மொத நாளே, காசை எங்க வைப்பீங்கன்னு கேட்டாங்க. நாங்க ஏழு பேரு. ஏழு பேரு கையும் தானா மடிக்குப் போச்சு. டீச்சர் சிரிச்சுட்டு, மடி அவுந்தா போச்சு, தபால் கந்தோர்ல ஆளுக்கொரு சேமிப்புப் புத்தகம் போட்டு வைங்கன்னாங்க. சொன்னதோட விடல. அடுத்த வாரமே கேகாலைத் தபால் கந்தோர் கிளாக்கரைத் தோட்டத்துக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க.

தப்பு நடந்தது அங்கதான். பாலை நிறுத்துக் குடுத்துட்டு நேரா போய் நின்னோம். எங்களுக்குக் கையெழுத்துத் தெரியாது, கட்டைவிரல்தான். பால் வெட்டுறவ விரல்ல ரப்பர் பால் காஞ்சு, தோலுக்கு மேல இன்னொரு தோலா ஒட்டியிருக்கும். அதோடயே மையில அமுக்கி, ஆளுக்கொரு அட்டையில வச்சோம். ரேகை எங்கேர்ந்து விழும்? கிளாக்கர் ஊதிக் காயவச்சு அடுக்கிட்டுப் போயிட்டாரு.

ஒரு வருசம் போட்டேன். எதுக்குன்னா, ஒரு பசுவுக்கு. தோட்டத்துக்குக் கீழ கிராமத்துல ஒரு சிங்கள அக்கா வச்சிருந்துச்சு, செவலை, சினை. பால் ஊத்தினா என் கையில என் காசு புரளும்னு கணக்குப் போட்டேன். திடீர்னு ஒரு நாள் அந்தக்கா, கள்ளுத் தவறணைக்காரரும் கேக்குறாரு, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காசு தந்தா மாடு உனக்கு, இல்லைன்னா அவருக்குன்னு சொல்லிருச்சு.

மறுநாள் விடிய மழை, வெட்டு இல்ல. தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டுப் பால் பிசுக்குப் போகத் தேய்ச்சுக் குளிச்சு, நல்ல சேலை கட்டிக் கெளம்பினேன். காசைக் கையில வாங்காம மாட்டை அவுக்க மாட்டேன்னு அக்காவும் கூட வந்துச்சு. பொம்பளை தனியா கந்தோருக்குப் போறது அழகில்லைன்னு கோட்டைப் போட்டுக்கிட்டு எம் புருசனும் வந்தாரு. காசைப் பார்க்கத்தான் வந்தாருன்னு எனக்குத் தெரியாதா?

தபால் மாத்தயா, அதான் கந்தோருக்குப் பெரியவரு, எங்கிட்ட ரேகை வாங்கி, பழைய அட்டையோட வச்சுப் பார்த்தாரு. இது உன் விரல் இல்லைன்னு சிங்களத்துல சொன்னாரு. பொறந்ததுலேர்ந்து இந்த விரல்தான்னு நானும் சிங்களத்துலயே சொன்னேன். எட்டிப் பார்த்தேன். அட்டையில இருக்கிறது புளியங்கொட்டை மாதிரி வழவழன்னு ஒரு கறுப்பு. இப்ப விழுந்ததுல கோடு கோடா ரேகை. சங்கதி எனக்குப் புரிஞ்சு போச்சு.

கொஞ்சம் இருங்கன்னு வெளிய ஓடினேன். கந்தோருக்குப் பின்னால ரப்பர் மரத்துக்கா பஞ்சம்? கொண்டை ஊசியால பழைய வெட்டைக் கீறி, கசிஞ்ச பாலை விரல்ல தடவினேன். தூறல் போட்டுச்சு. எம் புருசன் ஓடி வந்து, என் தலை நனையறதைப் பத்தி ஒரு கவலையும் இல்லாம, கட்டைவிரலுக்குக் குடை பிடிச்சாரு. காயற வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊதினோம்.

திரும்பப் போய் அமுக்கினேன். அச்சு அசல் புளியங்கொட்டை. மாத்தயாவுக்கும் சந்தோசம், மேசை லாச்சியைத் தொறந்து காசை எடுக்கக் கையை விட்டுட்டாரு. அப்பப் பார்த்து எம் புருசன், மெய்யாவே அதிசயப்பட்டு, பாலைத் தடவிட்டு யாரு வச்சாலும் இப்படித்தானே விழும்னு கேட்டு வச்சாரு.

லாச்சி மூடிருச்சு. மாத்தயா எங்க ஏழு பேரு அட்டையையும் எடுத்து வரிசையா வச்சாரு. ஏழு புளியங்கொட்டை. நெத்தியைத் தொடைச்சுக்கிட்டாரு. கடைசியில, இதுக்கு ஒரே வழிதான் இருக்கு, இவ என் பொஞ்சாதிதான்னு புருசன் சாட்சி வச்சா காசு தரலாம்னாரு. எம் புருசன் அதுக்குள்ள கோட்டுக் கையை மடிச்சு விட்டுட்டாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. மாடு எங்கண்ணு முன்னால நின்னுச்சு. தவறணைக்காரரு கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதும் தெரிஞ்சுச்சு. ஆனாலும் சொல்லிட்டேன்.

"இவரு கை பட்டுத்தான் இந்தக் காசு வெளிய வரணும்னா, அது உள்ளயே கெடந்து மக்கட்டும்."

மடிச்ச கோட்டுக் கையோட எம் புருசன் அப்படியே நின்னாரு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் எறங்கி வரல.

பெஞ்சுல உக்காந்து வெத்தலை மென்னுக்கிட்டிருந்த அக்கா, வெளிய போய்த் துப்பிட்டு வந்துச்சு.

"ஞாயித்துக்கிழமை தவறாம எம் மாட்டுக்குப் புல்லு கொண்டாந்து, பல்லைப் பார்த்து, மடியைத் தடவிட்டுப் போறவ இவ. இவளை எனக்குத் தெரியாதா? நான் சாட்சி. கொண்டாங்க காயிதத்தை."

கையெழுத்துப் போடத் தெரியுமான்னு கேட்டுட்டு மாத்தயா பேனாவைக் குடுத்தாரு. அக்கா அதை வாங்கி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, வட்ட வட்டமா சிங்கள எழுத்துல தம் பேரை எழுதிச்சு. சாணி அள்ளுற கைதான். அந்தக் கை நகர்றதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். மாத்தயா காசை எண்ணி வச்சதைக்கூட நான் சரியா கவனிக்கல. மாடு கெடைச்சிருச்சு, ஆனா எனக்கு வயித்தெரிச்சல். என்னை மாதிரி ஒருத்திதானே, அவ பேரு மட்டும் காயிதத்துல இப்படி நிக்குதேன்னு.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு மொத ஆளா போய்ச் சண்டை பிடிச்சேன். விரல் கதையெல்லாம் எனக்கு வேணாம், எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னேன். டீச்சர் சிலேட்டை எடுத்தாங்க. தோட்டத்துப் பேரேட்டுல இருக்கிற மாதிரி இன்னாரு பொஞ்சாதின்னு சேர்த்து எழுதவான்னு கேட்டாங்க.

"அவரு வேணாம் டீச்சர். எம் பேரு மட்டும்."

எழுதிக் காட்டினாங்க. மூணே எழுத்துதான் இருந்துச்சு. இம்புட்டுத்தானான்னு கேட்டேன். கேட்டுட்டு, டீச்சர் முன்னாலயே ஓன்னு அழுதுட்டேன்.